மிச்சப்படும் பொழுது யாருடையது?



காலபோக நெல் முற்றும் நாட்களில் மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் போன்ற நம் ஊர்களில் முன்பெல்லாம் விடியுமுன்னே ஆரவாரம் தொடங்கிவிடும். உழவு இயந்திரம் பெட்டியோடு வந்து சந்தியில் நிற்கும். அரிவாளைப் பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, போத்தலில் தேத்தண்ணீரும் ஊற்றிக்கொண்டு நம் பெண்கள் ஏறுவார்கள். அருவி வெட்டுத் தொடங்கினால் இருபது, முப்பது நாட்களுக்கு வேலை இருக்கும். அதன் பின்னால் உப்பட்டி சுமப்பது, சூடு வைப்பது, சூடு அடிப்பது என்று ஆண்களுக்கும் வேலை தொடரும். பிள்ளைகளின் சப்பாத்து, கொப்பி, கடைக்கடன், கூரைக்கு இரண்டு தகரம் எல்லாம் அந்தக் காசில்தான் நடந்தன.

இப்போது அந்தப் பெட்டி வருவதில்லை. நெல் வெட்டும் மெசின் நேரே வயலில் இறங்குகிறது. பத்துப் பதினைந்து பேர் ஒரு பகல் முழுக்கக் குனிந்து வெட்டிய ஓர் ஏக்கரை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லாகவே கொட்டிவிடுகிறது. மெசின் போன பிறகு மூலைகளில் விடுபட்ட கதிரை வெட்டவும், சிந்தியதைப் பொறுக்கவும் சிலர் வரம்பில் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்த நம் உறுப்பினர் அக்கா ஒருவர் கிளைக் கூட்டத்தில் இப்படிச் சொன்னார்: “மெசின் வந்த பிறகு முதுகுவலி குறைஞ்சது உண்மைதான் தம்பி. ஆனா முதுகு நிமிர்ந்து என்ன செய்ய? கையில காசில்லையே.”

இந்த மாதத் தலையங்கத்தை அந்த அக்காவின் கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நாம் மெசினுக்கு எதிரிகள் இல்லை. கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பதும், சேற்றுப்புண்ணும், பாம்புக்கடிப் பயமும் பெருமைப்பட வேண்டியவை என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. மலைநாட்டில் அட்டைக் கடியோடும் மழையோடும் கூடை சுமந்த நம் தாய்மாரும் பாட்டிமாரும் தங்கள் பிள்ளைகளுக்கு அந்த வேலை வேண்டாம் என்றுதான் நேர்ந்துகொண்டார்கள். உடம்பை முறிக்கும் வேலையை இரும்பு செய்யட்டும். அது மிச்சப்படுத்தும் பொழுது யாருடைய கணக்கில் சேருகிறது என்பதே நம் கேள்வி.

இந்தக் கேள்வி வன்னியில் வாழும் நமக்கு ஏன் இவ்வளவு நெருக்கமானது? நாம் இங்கே எப்படி வந்தோம் என்பதை இளையவர்களுக்காக மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1958ஆம் ஆண்டு வன்செயலின் பின்னரும், 1970களின் முற்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாகிய காலத்தில் வந்த பட்டினியின்போதும், 1977, 1983 வன்செயல்களின் பின்னரும் நம் குடும்பங்கள் லயங்களை விட்டு வன்னிக்கு வந்தன. வவுனியாவைத் தளமாகக் கொண்ட காந்தீயம் அமைப்பு பலரைக் குடியேற்றி உதவியது. அதை நடத்தியவர்களில் ஒருவரான வைத்தியர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். காடு வெட்டிக் கிணறு தோண்டியவர்கள் நாம். ஆனாலும் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக்காணி. சிலருக்கு இன்றும் அதற்கு உறுதியான பத்திரம் இல்லை. குளத்தின் கீழ் வயல் இல்லாதவர்கள் அடுத்தவரின் வயலில் கூலிக்குப் போனார்கள். ஆகவே வயலுக்கு மெசின் வந்தபோது வயல்காரருக்குச் செலவு குறைந்தது. நமக்கு வரவு குறைந்தது. ஒரே மெசின்தான், ஆனால் இரண்டு வீட்டில் இரண்டு கணக்கு.

இப்போது உலகம் முழுவதும் பெரிய பேச்சு ஒன்று நடக்கிறது. கணினியும் ரோபோவும் எல்லா வேலையையும் செய்யப் போகின்றன, மனிதருக்கு வேலையே இருக்காது, எல்லோரும் ஓய்வாக இருந்து பாடலாம், படம் வரையலாம், விரும்பியதைப் படிக்கலாம் என்கிறார்கள். இது புதிய பேச்சும் இல்லை. 1930ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பொருளியலாளர் கெயின்ஸ், தமது பேரப்பிள்ளைகளின் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நூறு வருடத்தில் உற்பத்தி பல மடங்கு பெருகிவிடும், அப்போது மனிதர் கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலம் வேலை செய்தாலே போதும், மிச்சப் பொழுதை எப்படி நன்றாக வாழ்வது என்பதே அவர்களின் கவலையாக இருக்கும் என்றார். அவர் சொன்ன நூறு வருடம் 2030இல் முடிகிறது. உற்பத்தி பல மடங்கு பெருகியது உண்மை. பதினைந்து மணித்தியாலக் கிழமையைப் பார்த்தவர் நம்மில் எவராவது இருக்கிறோமா? பெருகியதை யார் பங்கிடுவது என்ற இடத்தில்தான் அவருடைய கணக்குப் பிழைத்தது. இயந்திரம் தானாக யாருக்கும் ஓய்வு கொடுப்பதில்லை.

இதற்கு நம் சொந்தச் சரித்திரமே சாட்சி. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்தரையில் தேயிலை பயிரிட்டார். தொடக்கத்தில் கொழுந்தை மேசையில் போட்டுக் கையால்தான் உருட்டினார்கள். 1870களிலேயே உருட்டும் இயந்திரம் வந்துவிட்டது. பிறகு உலர்த்தவும் சலிக்கவும் இயந்திரங்கள் வந்தன. ஸ்ரோருக்குள் இயந்திரம் நுழைந்து ஏறத்தாழ நூற்றைம்பது வருடம் ஆகிறது. அதனால் மலையில் கொழுந்து எடுத்தவளின் பகல் ஒரு மணித்தியாலமாவது குறைந்ததா? இயந்திரம் வேகமாக ஓடியதால் அதற்குப் போடக் கூடுதல் கொழுந்து தேவைப்பட்டது. பெரட்டுக்குப் போகும் நேரம் மாறவில்லை. கேட்ட றாத்தல் வராவிட்டால் அரைப்பேர்தான் விழுந்தது. அண்மையில் நடந்ததும் அதுதான். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதைத் தொடர்ந்து பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோ கூடிவிட்டது என்று நம் உறவுகள் முறையிட்டார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுக்கும் வழி தராசில் இருக்கிறது. நாளை கொழுந்து வெட்டும் மெசின் எல்லா மலைக்கும் வந்தாலும், அந்தத் தராசு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே இலாபம்.

வேலையே இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று வெளிநாட்டு அறிஞர்கள் கற்பனை செய்து எழுதுகிறார்கள். வன்னி மக்களுக்கு அந்தக் கற்பனை தேவையில்லை. நாம் அதை வாழ்ந்து பார்த்தவர்கள். 2009இல் போர் முடிந்த கையோடு இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவற்றில் பெரியது செட்டிகுளத்து மெனிக் பாம். அது 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அங்கே நமக்கு வேலை இருக்கவில்லை. அரிசியும் பருப்பும் மாவும் வரிசையில் கிடைத்தன. பகல் முழுவதும் நம்முடையதாகத்தான் இருந்தது. அதை ஓய்வு என்று யாராவது சொல்வோமா? தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை, காணாமற்போனவரைத் தேடிப் பெயர்ப்பட்டியலுக்கு முன்னால் வரிசை. கூடாரத்து வெக்கையில் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்த ஆண்கள் பலருக்கு மனம் நொறுங்கியது. ஆனாலும் அந்த முகாமிலேயே மரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து நாம் இரண்டு பாடம் படித்தோம். சும்மா இருக்கும் பொழுது தானாக ஓய்வாகிவிடாது. காலடியில் உரித்தான நிலமும், நாளைக்கு அடுப்பெரியும் என்ற நம்பிக்கையும், விரும்பிய இடத்துக்குப் போய்வரும் சுதந்திரமும் இருந்தால்தான் அது ஓய்வு. அவை இல்லாத இடத்தில் அது வெறும் காத்திருப்பு. மற்றப் பாடம், எல்லாம் பறிக்கப்பட்ட இடத்திலும் மனிதர் எதையாவது உருவாக்காமல் இருப்பதில்லை. படைக்கும் ஆசை வயிற்றுக்குப் பிறகு வரும் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உழைக்கும் மக்களை அறியாதவர்கள்.

நம் மூத்தவர்களைப் பாருங்கள். லயத்தின் பத்தடிக் காம்பராவில் வாழ்ந்தவர்கள், பகல் முழுக்க மலையில் நின்றவர்கள், மாசி வந்தால் காமன் கூத்துக்கு ஆயத்தமானார்கள். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடினார்கள். இரவு ஒத்திகை பார்த்துவிட்டு விடியப் பெரட்டுக்குப் போனார்கள். துரை அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கவில்லை. தங்கள் தூக்கத்திலிருந்து வெட்டி எடுத்த பொழுதில்தான் அந்தக் கலைகளைக் காப்பாற்றினார்கள். அந்தத் தப்பையும் கூத்தையும் இடம்பெயர்ந்து வந்தபோது சிலர் வன்னிக்கும் கொண்டு வந்தார்கள்.

வந்த இடமும் பாட்டில்லாத மண் அல்ல. முல்லைத்தீவில் கோவலன் கூத்து இருக்கிறது. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரள்கிறது. அருவி வெட்டும்போது பாட ஒரு பாட்டு, சூடு மிதிக்க ஒரு பாட்டு, வயலில் இறங்கும் பன்றியையும் குருவியையும் விரட்டப் பண்டிப் பள்ளும் குருவிப் பள்ளும் என்று வேலைக்கு வேலை பாட்டு வைத்திருந்த நாடு இது. மெசினின் இரைச்சலில் பாட முடியாது. அருவி வெட்டு நின்றபோது கூலியோடு பாட்டும் நின்றது. கூலி போனதைப் பற்றிப் பேசுகிறோம், பாட்டுப் போனதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தப் பாட்டுகளுக்காக மறுபடி அரிவாளைத் தூக்கச் சொல்லவில்லை. பாடியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் அவை திரும்பி வரா.

தொழிற்சங்கத்துக்கும் பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். தோட்டத் தொழிலாளருக்காக 1931இல் முதல் தொழிற்சங்கத்தை அமைத்த கோ. நடேசய்யரோடு, அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாளும் பாட்டுகளைக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். எழுத வாசிக்கத் தெரியாத மக்களிடம் சங்கத்தின் செய்தி பாட்டாகத்தான் போய்ச் சேர்ந்தது. தொழிற்சங்கத் தலைவராகவும், 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த சி.வி. வேலுப்பிள்ளை, கவிஞராகவும் இருந்தார். தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. நம் சங்க மரபில் சம்பளமும் பாட்டும் ஒரே மேடையில் இருந்தவை.

ஓய்வும் அப்படியே. அது முதலாளி தந்த சலுகையாக வந்ததில்லை. நாளில் எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் தூக்கம், மிச்ச எட்டு எங்களுக்கு என்று கேட்டுத்தான் 1886இல் சிக்காகோத் தொழிலாளர் உயிர் கொடுத்தார்கள். 1923இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றினார். 1919இல் சர்வதேசத் தொழில் அமைப்பின் முதலாவது சமவாயமே வேலை நேரத்தைப் பற்றியதுதான். ஆனால் அது தொழிற்சாலைகளுக்கானது. மண்ணில் வேலை செய்பவர்கள் அதில் அடங்கவில்லை. அந்த ஓரவஞ்சனையை நாம் இன்றும் சுமக்கிறோம். அடுத்தவரின் வயலுக்கோ தென்னந்தோட்டத்துக்கோ நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்குச் சம்பளத்தோடு ஒரு விடுமுறை நாள் உண்டா? நோய் வந்து படுத்தால் அன்றைய காசு போயிற்று. நமக்கு வேலை இல்லாத நாள் ஏராளம். ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை.

அதிலும் பெண்களின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். வயலில் மெசின் வந்துவிட்டது, அடுப்படியில் வரவில்லை. தண்ணீர், விறகு, சமையல், பிள்ளை, வயோதிபர், அதற்கு மேல் நுண்கடன் கட்டும் நாள் என்று அவர்களின் பொழுது நிரம்பியே இருக்கிறது. வேலை இழந்த ஆண் சந்தியில் இருக்கிறார், வேலை இழந்த பெண் வீட்டில் இன்னும் கூடுதலாக வேலை செய்கிறார். உலகத்திலுள்ள எல்லா ரோபோவும் வந்தாலும் வீட்டு வேலையை நாம் பங்கிடாதவரை பாதி மக்களுக்கு ஓய்வு இல்லை. இதை முதலாளியிடம் கேட்க முடியாது தோழர்களே, நாமேதான் திருத்த வேண்டும்.

இவற்றை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. 2025 செப்டெம்பரில் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டத்தை அரசு தொடங்கியது. பளையில் ஏற்கெனவே தென்னை இருக்கிறது. இனி கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பல காணிகளில் கன்றுகள் நடப்படும். தோட்டத் தொழில் நம்மைத் தேடி வன்னிக்கே வருகிறது என்றும் சொல்லலாம். ஏறத்தாழ இருநூறு வருடத்துக்கு முன் மலைநாட்டில் தோட்டங்கள் தொடங்கியபோது நம் முன்னோரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கங்காணி கூட்டி வந்தார், துரை விதித்தார். இந்த முறை தோட்டம் தொடங்கும்போதே நாம் பேச வேண்டும். கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அதற்குள் குழி வெட்டவும், மருந்து தெளிக்கவும், தேங்காய் பறிக்கவும், உரிக்கவும் என்னென்ன மெசின் வரும் என்பது தெரிந்துவிடும். மெசின் வந்து நின்ற பிறகு பேசப்போனால் அருவி வெட்டில் நடந்ததே நடக்கும்.

ஆகவே நமது சங்கம் கிளைகளின் முன் சில யோசனைகளை வைக்கிறது.

முதலாவது, மெசினில் பங்கு. நெல் வெட்டும் மெசின்களில் பல தனியாரிடம் லீசிங்கில் இருக்கின்றன. கூலித் தொழிலாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து மெசின் வாங்கவும் வாடகைக்கு விடவும் கடன் வசதி வேண்டும். வயல் இல்லாததால் நம்மவர் கமக்காரர் அமைப்புகளில் இல்லை. வயலில் உழைத்தவர்களுக்கும் அங்கே குரல் வேண்டும் என்று கேட்போம். மெசின் நம்முடையதானால் அது மிச்சப்படுத்தும் பொழுதும் நம்முடையது.

இரண்டாவது, மெசின் ஓட்டும், திருத்தும் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அதில் பெண் பிள்ளைகளுக்குப் பாதி இடம் வேண்டும். அரிவாள் பிடித்த பெண்களின் வேலையை எடுத்துக்கொண்ட மெசினில் இன்று ஏறி இருப்பவர்கள் ஆண்கள் மட்டுமே என்பது நியாயமல்ல.

மூன்றாவது, எந்தத் தோட்டத்திலும் புதிய இயந்திரம் வருமுன் தொழிலாளரோடு எழுத்தில் உடன்படிக்கை வேண்டும். கிலோ அளவைக் கூட்டக்கூடாது. மாதத்தில் இத்தனை நாள் வேலை என்ற உத்தரவாதம் வேண்டும். உற்பத்தி கூடினால் சம்பளத்தைக் கூட்டு, அல்லது அதே சம்பளத்துக்கு நேரத்தைக் குறை என்று கேட்போம். நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு நம்மில் பலர் இன்னும் கூச்சப்படுகிறார்கள், சோம்பேறி என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். இருநூறு வருடம் உழைத்த சமூகத்துக்கு அந்தக் கூச்சம் வேண்டியதில்லை.

நான்காவது, நிலம். மேட்டுக்காணிகளுக்கு உறுதிப்பத்திரமும் கிணற்று வசதியும் கிடைத்தால் கூலி வேலை குறைந்தாலும் குடும்பம் விழாது. வேலை இல்லாத காலத்தைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் வன்னியில் முதற்படி இதுதான்.

ஐந்தாவது, நாமே செய்யக்கூடியது. பல ஊர்களில் சனசமூக நிலையக் கட்டடங்கள் பூட்டியே கிடக்கின்றன. அவற்றைத் திறப்போம். கிழமையில் ஒரு பின்னேரம் வாசிப்புக்கும், ஒரு பின்னேரம் கூத்துக்கும் தப்புக்கும் ஒதுக்குவோம். நம் இளைஞர் கையில் கைத்தொலைபேசி இருக்கிறது. யாரோ செய்த வீடியோவைப் பார்த்தே அவர்களின் பொழுது கரைகிறது. அதே தொலைபேசியால் அருவி வெட்டுப் பாட்டுத் தெரிந்த பாட்டியின் குரலைப் பதிவு செய்யலாம், லயத்திலிருந்து நடந்து வந்த தாத்தாவின் கதையைக் கேட்டு வைக்கலாம். பதிவு செய்ததைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். சங்கம் சேர்த்து வைக்கும், இந்தப் பத்திரிகையிலும் எழுதுவோம்.

வேலை இல்லாத எதிர்காலம் வருமா, வராதா என்று நாம் சோதிடம் சொல்ல வரவில்லை. சில வேலைகள் போய்விட்டன, இன்னும் சில போகும். போகும் ஒவ்வொரு வேலையோடும் ஒரு பொழுது மிச்சமாகிறது. நாம் பேசாமல் இருந்தால் அது மெசின்காரரின் இலாபத்திலும் கடன்காரரின் வட்டியிலும் கரைந்துபோகும். கேட்டுப் பெற்றால் அதே பொழுதில் ஒரு தாய் பிள்ளையோடு இருந்து படிக்கலாம், ஒரு தகப்பன் தப்பைச் சூடுகாட்டி எடுக்கலாம், களைத்துப்போன ஒரு கிழவி குற்ற உணர்வில்லாமல் வேப்பமரத்தடியில் சாய்ந்திருக்கலாம்.

அந்த அக்கா கேட்ட கேள்விக்கு நம்மிடம் இன்று முழுப் பதில் இல்லை. அடுத்த மாதம் எல்லாக் கிளைக் கூட்டங்களிலும் இதை முதல் விடயமாக எடுத்துப் பேசுங்கள். உங்கள் ஊரில் எந்த மெசின் வந்தது, எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை போனது, மெசின் யாருடையது என்பதை எழுதி அனுப்புங்கள். கூட்டத்தைப் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். அன்றைக்குச் சமையலை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.